இயல்புக்கு மாறான பயன்பாடு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பதினோரு பெட்டி. போன வாரம் மலையில் உடைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் இந்த வாரம் என் மேஜைக்கு வந்து சேருகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் முதலில் வருவது நாற்றம். பிறகுதான் பூட்ஸ்.

இருபத்திரண்டு வருடமாக வாரண்டி மேஜை. பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு எங்கள் கம்பெனி பூட்ஸ் செய்கிறது. நான் பனியில் கால் வைத்தவள் இல்லை. 'பேரு மட்டும் நீவெஸ், பனின்னு அர்த்தம். ஆளு அடுப்பங்கரைப் பூனை' என்று கில்தோ கேலி செய்வான். கட்டிய கணவன், அதே கம்பெனியில் பிளாஸ்டிக்கை உருக்கிக் கூடு வார்க்கும் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவன். அவனும் ஏறியதில்லை. எங்கள் ஊர் மோன்டெபெல்லூனாவில் பாதிப் பேர் அப்படித்தான். ஊருக்கெல்லாம் பூட்ஸ் செய்வோம், நாங்கள் செருப்பில் நடப்போம்.

திருப்பி அனுப்புகிறவர்கள் பூட்ஸுக்குள் எதையாவது வைத்துவிடுகிறார்கள். சாக்லேட் வைப்பார்கள், அது எனக்கு லஞ்சம். ஈரச் சாக்ஸை மறந்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பல் செட் வந்தது. இன்று ஆரஞ்சு நிறப் பூட்ஸ் ஒன்றில் ஒரு கடிதம். பஸ்ஸெய்யர் பள்ளத்தாக்கிலிருந்து வால்ட்ரவுட் குஃப்ளர். அந்தப் பக்கத்து ஆட்கள் ஜெர்மன் பேசுகிறவர்கள், எங்கள் மொழியை விறைப்பாக, அம்மணி என்று தொடங்கி எழுதுவார்கள். 'ஸிஞ்ஞோரா, நான் ஐம்பத்தொரு கிலோ. என் நாய் முப்பத்துநாலு. நாங்கள் இருவரும் சேர்ந்து குதித்தாலும் இது உடையக் கூடாது.' மலை மீட்புக் குழுவில் நாயோடு போகிறவராம்.

இடது பூட்ஸின் மேல்கூடு, கணுக்காலுக்கு மேலே பிடிக்கிற பகுதி, அடிப்பாகத்தோடு பிணைக்கும் ஆணியிலிருந்து மேலே வரை பிளந்திருக்கிறது. காய்ந்த ரஸ்க் மாதிரி.

வழக்கமான வாக்கியத்தைத் தட்டி அனுப்பினேன். 'பொருளின் இயல்புக்கு மாறான பயன்பாட்டால் ஏற்பட்ட சேதம். வாரண்டிக்குள் வராது.' நானே உருவாக்கிய வாக்கியம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதலாளிக்கு இதைக் காட்டியபோது, 'நீவெஸ், இதைச் சட்டம் போட்டு மாட்டலாம்' என்றார். அன்று வீட்டுக்கு வந்து கில்தோவிடம் பெருமையடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அடித்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்னும் இரண்டு ஆரஞ்சு. அதே பிளவு, அதே இடம்.

தொழில்நுட்பப் பிரிவு லோரிஸ் வந்தான். நல்ல பையன், நாற்பது வயதாகிறது, இன்னும் பையன்தான். ஜன்னல் வெளிச்சத்தில் மேல்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்தக் கோடுங்க தெரியுதா? வெள்ளி மாதிரி, மெல்லிசா?"

"அழுக்கு."

"அழுக்கு இல்ல நீவெஸ். உள்பக்கம் தேதியப் பாருங்க."

ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் அச்சில் தேதி விழும். யாரும் பார்ப்பதில்லை. மூன்றிலும் போன வருடம் ஜனவரி 5.

பிப்ரவரி 11, செவ்வாய்

குஃப்ளர் அம்மாள் தொலைபேசியில்.

"உங்க கடிதம் வந்துச்சு. இயல்புக்கு மாறான பயன்பாடுன்னா என்ன? நான் அதுல சூப் வச்சேனா?"

"அம்மா, அது தொழில்நுட்பப் பிரிவு முடிவு."

"பொய். கையெழுத்து உங்களோடது."

மேலதிகாரியிடம் தெரிவிப்பதாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நாங்கள் திருப்பி அனுப்பிய இடது பூட்ஸை ஊர்க் கொல்லரிடம் கொடுத்து இரும்புப் பட்டை அடித்துக்கொண்டாராம். "மீட்பு வேலைக்கு லீவு கிடையாது. வேற பூட்ஸ் என் காலுக்குச் சேராது. ஒடிஞ்ச கால் எனக்கு, கோணலா ஒட்டியிருக்கு. உங்களோடதுதான் சேர்ந்துச்சு. அதான் கோவமே."

பிப்ரவரி 14, வெள்ளி

ஏழு ஆகிவிட்டது. ஏழும் ஜனவரி 5.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தற்செயல்."

"ஏழுமா?"

"நீவெஸ், இது பிப்ரவரி. ஏப்ரல் வரைக்கும் ஓட்டு. பனி உருகினா புகாரும் உருகிடும். இனிமே தேதிய எழுதாத, அந்தக் கட்டமே தேவையில்ல."

இரண்டு மாதத்தை எதற்குள் வைத்து ஓட்டுவது? என் மேஜைக்குப் பின்னால் சுவர், முன்னால் பெட்டிகள். இன்று எழுந்து கழிப்பறைக்குப் போகவே மூன்று பெட்டியை நகர்த்த வேண்டியிருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

லோரிஸ் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருந்தான், முதலாளிக்குத் தெரியாமல். பதில் வந்தது: பிளாஸ்டிக் ஈரமாக இருந்தபோதே அச்சில் போயிருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் குருணையாக மூட்டையில் வரும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஓவனில் ஆறு மணி நேரம் காயவைக்காமல் உருக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், குளிரில் உடையும். இதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

முதலாளிக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. ஆனால் வேறு பக்கம். "குருணை அனுப்பினவன் ஈரக் குருணைய அனுப்பியிருக்கான்! அவன்கிட்ட வாரண்டி கேள்!"

கேட்டேன். நான்தான் கடிதம் எழுதினேன். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது எவ்வளவு சுகம்! ஆணித்தரமாக, இரண்டு பக்கம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். குருணைக் கம்பெனியின் பதில் வந்திருந்தது. ஒரே ஒரு வரி.

'எங்கள் பொருளை அதன் இயல்புக்கு மாறாகப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட சேதம்.'

சத்தியமாக, அதே சொற்கள். யார் யாரிடமிருந்து திருடியது என்று தெரியவில்லை. முதலில் சிரித்தேன். லோரிஸும் சிரித்தான். பிறகு பெட்டிகளைப் பார்த்தேன், பத்தொன்பது. சிரிப்பு நின்றுவிட்டது.

மதியம் பொலெந்தா, சோளமாவுக் களி, கூடக் கருவாடு. கில்தோ எப்போதும் இரண்டு தடவை கேட்டு வாங்குவான். இன்று ஒரு தடவையோடு எழுந்துவிட்டான்.

மார்ச் 7, வெள்ளி

முதலாளி கையில் ஒரு தாள். முகமெல்லாம் பல். "கிடைச்சிருச்சு நீவெஸ்! ஓவன் பதிவுத் தாள்."

ஜனவரி 5. ஓவன் எண்பது டிகிரி. காலை எட்டிலிருந்து இரண்டு வரை, ஆறு மணி நேரம். பன்னிரண்டு தட்டும் நிரம்பியது. கீழே கையெழுத்து: கில்தோ.

"நாம முறைப்படி காயவச்சிருக்கோம். தப்பு அவங்களோடது. நீ ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடு, வாரண்டிப் பொறுப்பாளரா. இருபத்தொண்ணாம் தேதிக்குள்ள அவங்க வக்கீலுக்குப் போகணும்."

சாப்பாட்டு மேஜையில் கேட்டேன்.

"போன வருஷம் ஜனவரி அஞ்சு. ஓவன் ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"தட்டெல்லாம் நிறைஞ்சிருந்துச்சா?"

"நிறைஞ்சிருந்துச்சு."

தலையை நிமிர்த்தவில்லை. முப்பது வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனுஷன். உண்மையைத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. அதனால்தான் பயமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து அலமாரியில் பழைய நோட்டுகளைத் தேடினேன். ஏன் தேடினேன்? ஜனவரி 5 என்ன நாள் என்று எனக்குத் தெரியாதா? இந்த ஜில்லாவில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? பனெவின். வயலில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு விறகு குவித்து, சாயங்காலம் கொளுத்தி, பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து அந்த வருட விளைச்சலைச் சொல்லும் நாள். நாங்கள் இருக்கும் பியாதெனேயில் எங்கள் தெருக் குவியலுக்குத் தலைவன் பதினெட்டு வருடமாகக் கில்தோ. போன வருடம் அவசர ஆர்டர் என்று அன்று கம்பெனியைத் திறந்து வைத்திருந்தார் முதலாளி. எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது, அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன்:

'ஒன்பது நாள் விடாத மழை. பக்கத்து ஊரில் குவியல் புகைந்து அணைந்துவிட்டதாம். எங்களுடையது ஒரே தீக்குச்சியில் பிடித்தது! பாதிரியார் கைதட்டினார். சுள்ளி எப்படிக் காய்ந்தது என்று எல்லோரும் கேட்டார்கள், இவன் மீசைக்குள் சிரிக்கிறான், சொல்ல மாட்டேன் என்கிறான். வேலை செய்யும் கோட்டில் சோளத்தட்டை வாசம்.'

மறுபடி ஒரு தடவை படித்தேன்.

அடப்பாவி. அடப்பாவி மனுஷா.

பன்னிரண்டு தட்டும் நிரம்பியதுதான். சோளத்தட்டையாலும் திராட்சைச் சுள்ளியாலும்.

அதே நாள், மாலை

தோட்டத்தில் கொடி வெட்டிக்கொண்டிருந்தான். நோட்டைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி இல்லை என்றான். நானே வாசித்தேன்.

கத்தரிக்கோலைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"குருணை மூட்டை புதுசு. சீல் வச்சது. அதுல எங்கேருந்து ஈரம் வரும்னு நெனச்சேன். ஒரு நாள்தானே."

"ஒரு நாள்தானா? எத்தனை ஜோடி தெரியுமா? இருநூத்தி ஆறு!"

"ஒம்போது நாள் மழை நீவெஸ். ஊரே நிக்கும். அதுக்கு முந்தின வருஷமே பாதிதான் எரிஞ்சுது, பாரில எப்படிச் சிரிச்சாங்க, நீ கேட்டியா? நான் கேட்டேன்."

"அதுக்கு? யாரோ மலையில காலை உடைச்சுக்கணுமா?"

"பதினாலு மாசம். அவ்வளவுதான் எனக்குப் பாக்கி. அப்புறம் ஓய்வு. இப்பத் தெரிஞ்சா வெளிய தள்ளிடுவாரு." பிறகு, மெதுவாக: "நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. தாள்ல இருக்கறது பொய்யில்லயே. ஓவன் ஓடிச்சுதானே."

ஓடிச்சுதான்! அதுதான் இதில் கொடுமை. தாளில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்தி மட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

பேச்சு இல்லை. அவன் வெளியே கொட்டகையில் சாப்பிடுகிறான். கருவிகள் மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு. போய்க் கூப்பிட்டேன். "பசியில்ல" என்றான், வாய் நிறைய ரொட்டியோடு.

கையெழுத்துப் போட்டால் இருநூற்றாறு பேரில் யார் காலாவது. போடாவிட்டால் என் வீட்டுக்காரன். நடுவில் வழியே இல்லையா? தேடுகிறேன். வேலைக்குப் போகும்போது தேடுகிறேன், காய் நறுக்கும்போது தேடுகிறேன். ராஜினாமா செய்யலாம். செய்தால்? எனக்குப் பதில் வருகிறவள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவாள். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளலாம். எத்தனை நாள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்கு சுவரில் இடிக்கிறது. அம்மா என்று வாய்விட்டுச் சொன்னேன் இன்று, காலி அறையில்.

மார்ச் 13, வியாழன்

நான்கு பெட்டி. தேதியைப் பார்க்கவில்லை. ஆரஞ்சு.

மார்ச் 14, வெள்ளி

உறுதிமொழியைத் தட்டச்சு செய்துவிட்டேன். 'குருணை முறைப்படி உலர்த்தப்பட்டது என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' பேனாவை எடுத்தேன். பேனாவில் மை இல்லை. இன்னொரு பேனா மேஜையிலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை.

கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதலாளி வாசலில், "ஆச்சா?" என்றார். "திங்கட்கிழமை" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

காலை ஒன்பதே காலுக்குத் தொலைபேசி. குஃப்ளர் அம்மாள். இந்த முறை கத்தவில்லை.

"ஸிஞ்ஞோரா, வலதும் உடஞ்சிருச்சு."

"எங்க?"

"சனிக்கிழமை. ஒரு ஆள் காணாமப் போயிட்டாரு, பள்ளத்துல விழுந்து கெடந்தாரு, அவரத் தேடிப் போனோம். என் நாய் ஸெப் மோப்பம் புடிச்சிட்டான், மேல இழுக்கறான். பாதி ஏத்தத்துல கால் தனியா, பூட்ஸ் தனியா. நான் உக்காந்தே சறுக்கிக் கீழ வந்தேன், கிழவி மாதிரி. நாய அவுத்து விட்டேன். அவனே போய்க் குரைச்சான். மத்தவங்க அந்தச் சத்தத்தக் கேட்டுப் போனாங்க."

"அந்த ஆளு..."

"உயிரோட இருக்காரு. என் நாய்க்கு பூட்ஸ் கிடையாது பாருங்க, அதனால அது போய்ச் சேந்துச்சு."

முன்னால் இருந்த பெட்டியைத் தள்ளி வைத்தேன்.

"இப்ப அந்த வாக்கியத்தச் சொல்லுங்க. காகிதத்துல வேணாம், வாயால. இயல்புக்கு மாறான பயன்பாடு. சொல்லுங்க, கேக்கறேன்."

வாய் திறந்தது. வரவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, அந்தப் பூட்ஸப் போடாதீங்க."

"ஏன்?"

"போடாதீங்க. கொல்லர்கிட்டயும் குடுக்காதீங்க. தயவுசெஞ்சு."

அந்தப் பக்கம் நாய் எதையோ நக்கும் சத்தம் கேட்டது. "சரி" என்றார். வைத்துவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதிவிட்டேன். உறுதிமொழி இல்லை, அறிக்கை. ஒரு பக்கம்தான். நடுவில் இந்த வரி:

'ஜனவரி 5 அன்று குருணை உலர்த்தப்படவில்லை. உலர்த்தும் ஓவன் அதன் இயல்புக்கு மாறாகப் பயன்படுத்தப்பட்டது: அதில் பனெவினுக்கான சுள்ளியும் சோளத்தட்டையும் உலர்த்தப்பட்டன.'

பன்னிரண்டு வருடத்தில் இந்த வாக்கியம் முதல்முறையாக உண்மையாக இருக்கிறது. பெயர் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. பதிவுத் தாளில் கையெழுத்து இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதுவும் எனக்குத் தெரியும். கோழை.

கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போய், அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். குஃப்ளர் அம்மாள் சொன்னதெல்லாம் சொன்னேன், ஒன்று விடாமல். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். "நாய் பேரு என்ன சொன்ன?"

"ஸெப்."

தலையாட்டினான். நான் உள்ளே வந்துவிட்டேன். அழுதேன், மறைக்கவில்லை.

மார்ச் 19, புதன். சூசையப்பர் திருநாள்

காலையில் காப்பிக் கோப்பைக்கு அடியில் அறிக்கை இருந்தது. ஒரு ஓரத்தில் காப்பி வட்டம். நான் காலியாக விட்ட இடத்தில், 'அச்சு இயந்திர இயக்குநர்' என்பதற்கு முன்னால், அவன் கையெழுத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பெரிய எழுத்தில் அவன் முழுப் பெயர்.

சவரம் செய்துகொண்டே சொன்னான்: "எழுதறதுன்னா ஒழுங்கா எழுது. பேர விட்டா நீ மறைச்சேன்னு உன்னைப் புடிப்பாங்க."

முகத்தில் பாதி நுரை. போய்ப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். "ஏய், கத்தி இருக்கு" என்றான்.

மார்ச் 20, வியாழன்

முதலாளி இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை மேஜையில் அடித்தார்.

"சுள்ளியா? என் ஓவன்ல சுள்ளியா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து என் கம்பெனியக் கொளுத்திட்டீங்களே!"

"கொளுத்தல. இனிமே யாரும் சாகக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

"யாரும் சாகலியே!"

அப்போது லோரிஸ் உள்ளே வந்தான். கதவைத் தட்டவில்லை. அவன் கையில் ஆரஞ்சு மேல்கூடு ஒன்று, இன்னும் உடையாதது, உறைகுளிர்ப் பெட்டியில் வைத்திருந்தது, புகை மாதிரி குளிர் வந்துகொண்டிருந்தது. முதலாளி மேஜையில் வைத்து, அவருடைய பேப்பர்வெயிட்டாலேயே ஒரு தட்டு தட்டினான். நான்கு துண்டு. ஒன்று முதலாளி மடியில் போய் விழுந்தது.

அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய இரண்டாவது மகள் ஆரஞ்சு போட்டுத்தான் மலை ஏறுகிறாள் என்று எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "வீட்டுக்குப் போ" என்றார். கத்தவில்லை. "கூப்பிடறேன்."

மார்ச் 22, சனி

கூப்பிடவில்லை. ஜன்னல் துடைத்தேன். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தேன்.

மார்ச் 26, புதன்

கூப்பிட்டார்கள். ஜனவரி 5 ஜோடிகள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறோம்.

கடிதம் எழுதும் வேலை எனக்கே. வக்கீல் என் வரியை வெட்டிவிட்டார். 'உற்பத்தியில் ஏற்பட்ட ஒரு மாறுபாடு' என்று போட்டார். வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. இருநூற்றைந்து பேருக்கு வக்கீல் வாக்கியம் போனது. பஸ்ஸெய்யருக்கு மட்டும் கையால் எழுதி, உள்ளதை உள்ளபடி சொன்னேன். மழை, பனெவின், சுள்ளி, என் கணவன், நான் பிப்ரவரியில் போட்ட கையெழுத்து. கம்பெனி முகவரி போடாமல் வீட்டு முகவரி போட்டு அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

கில்தோவை வேலையை விட்டு அனுப்பவில்லை. இயந்திரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அவனை எங்கே போட்டார்கள் தெரியுமா? என் அறையில். திரும்பி வரும் பெட்டிகளை வெட்டித் திறக்க.

முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். இப்போது கடிதங்களை எல்லாம் சத்தமாக வாசிக்கிறான். இன்று ஒரு கிழவர் எழுதியது: மனைவி போன பிறகு இந்தப் பூட்ஸில்தான் முதன்முறையாக மலைக்குப் போனாராம், பாதியில் உடைந்ததாம், திரும்ப நடந்ததில் பாதகம் இல்லையாம். கில்தோ பாதியில் வாசிப்பதை நிறுத்தி, கத்தியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனான். பத்து நிமிடம் கழித்து வந்து மிச்சத்தை வாசித்தான்.

பழைய வாக்கியத்தை இப்போது நான் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதுகிறேன். வேலை இரட்டிப்பாகிவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

இருநூற்றைந்து ஜோடி வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை, குஃப்ளர் அம்மாளுடையது. புது ஜோடி அவருக்கு ஏப்ரலிலேயே போய்விட்டது, லோரிஸ் அந்தக் கோணல் காலுக்கு ஏற்ற மாதிரி தானே உள்ளே விரித்துக் கொடுத்தான். ஆனால் பழையதை அனுப்ப மாட்டாராம். 'சாட்சி' என்று ஒரே சொல்லில் அஞ்சலட்டை.

டிசம்பர் 30, செவ்வாய்

ஆறு நாளாக மழை.

தலைவன் பதவியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கில்தோ சொல்லிப் பார்த்தான். பாரில் ஒருவரும் கேட்கவில்லை. "ஏன் கில்தோ, இந்த வருஷம் ஓவன் கிடைக்கலியா?" "நீவெஸ் கிட்டக் கேளு, வாரண்டி தருவாங்க!" ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான், காது சிவந்து. வீட்டுக்கு வந்து கொட்டகையில் சுள்ளிக்கு மேல் பழைய போர்வையைப் போட்டான். போர்வையும் ஈரம்.

ஜனவரி 5, திங்கள்

இந்த வருடம் முதலாளி கம்பெனியை மூடிவிட்டார். ஏழாம் தேதிவரை.

காலையில் ஒரு பெட்டி வந்தது, வீட்டுக்கு. பஸ்ஸெய்யரிலிருந்து. பழக்க தோஷம், நான் மூக்கைச் சுளித்துக்கொண்டே திறந்தேன். நாற்றமே இல்லை. மரவாசம். உடைந்த ஆரஞ்சுப் பூட்ஸ் இரண்டு, ஒன்றில் கொல்லர் அடித்த இரும்புப் பட்டை, இரண்டிலும் வாய்வரை லார்ச் மரச் சுள்ளி, சணலால் கட்டியது. கூடவே நாய் முடி. மேலே ஒரு சீட்டு.

'ஸிஞ்ஞோரா, இவை என் சமையல் அடுப்பின் மேல் மூன்று வாரம் காய்ந்தவை. அடுப்பை அதன் இயல்புக்கு ஏற்றபடிதான் பயன்படுத்தினேன். வா. குஃப்ளர், ஸெப்.'

கில்தோவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தான், ஆனாலும் "நீயே படி" என்றான். படித்தேன். ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்துப் பார்த்தான். டக்கென்று ஒடிந்தது. "காய்ஞ்சிருக்கு" என்றான்.

சாயங்காலம் ஆறு மணி. ஊரெல்லாம் குடையோடு. பாதிரியார் தண்ணீர் தெளித்தார், மழையே தெளித்துக்கொண்டிருந்தபோது. பின்னாலிருந்து ஒருவர் ஓவன் என்றார், நாலு பேர் சிரித்தார்கள். கில்தோ மண்டியிட்டு, அந்தச் சுள்ளிகளைக் குவியலின் அடியில் ஒவ்வொன்றாகச் செருகினான். முதல் தீக்குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது உரசியதிலேயே ஒடிந்தது. மூன்றாவது பிடித்தது. முதலில் புகை, ரொம்ப நேரம் புகை, எல்லோரும் இருமினோம். பிறகு உள்ளே எங்கோ படபடவென்று சத்தம் வந்தது, குழந்தைகள் கத்தினார்கள்.

பொறி எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் முழுக்கச் சேறு. எழுந்து என்னிடம் வந்து, என் கையிலிருந்த ஒயினை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"வீட்டுக்குப் போய் எழுதுவல்ல?"

"எழுதுவேன்."

"மூணு குச்சின்னு எழுது."